திரும்பி வாற வயர்

‘மோட்டார்ஹோம்’ என்ற சொல்லை நான் முதலில் கேட்டது யூடியூப்பில்தான். ஐரோப்பாவில் யாரோ ஒரு சோடி, வேனுக்குள் கட்டில் போட்டு, அடுப்பு வைத்து, மலைக்குப் பக்கத்தில் நிறுத்திக் கோப்பி குடிப்பார்கள். பார்க்க ஆசையாத்தான் இருக்கும். ஆனால் வாகனத்துக்குள் குடியிருப்பது எங்கட கரைக்குப் புதுசு இல்ல. ஆகஸ்ட் மாசம் தலவில புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு வந்து பாருங்க. மரத்துக்கு மரம் வேனும் லொறியும் நிற்கும். சீலையைக் கட்டி மறைப்பு, பக்கத்தில் மூன்று கல்லு வைத்து அடுப்பு, உள்ளுக்குப் பாய். நாட்கணக்கில் சனம் அதிலேயே சமைத்து, அதிலேயே தூங்கும். அவர்கள் யாரும் அதை மோட்டார்ஹோம் என்று சொன்னதில்லை.

எங்கட மாமாவின் வேனும் அப்படித்தான். ‘டொல்பின்’ என்று எல்லாரும் சொல்ற பழைய டொயோட்டா ஹையேஸ். வயசு என்னைவிடக் கூட. முதலில் மீன் பெட்டி ஏத்தியது. பிறகு சீட் போட்டு ஹயர் ஓடியது. இப்ப பின்பக்கம் பலகைக் கட்டில், ஒரு பேன், மூன்று எல்இடி பல்ப், 12 வோல்ட்டில் ஓடுற ஒரு சின்ன பிரிட்ஜ், இதுக்கெல்லாம் தனியாக இரண்டாவது பெட்டரி. ஊர் சுத்திப் பார்க்கச் செய்த ஏற்பாடு இல்ல இது. ஏன் செய்தார் என்று சொல்லத்தான் வேணும்.

நாங்க இருக்கிறது ஆலங்குடா. ஆனால் எங்கட குடும்பம் எருக்கலம்பிட்டி. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கில் இருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட சனம் ஊரை விட்டது. மன்னார்த் தீவில் இருந்து வள்ளங்களில் வந்து கற்பிட்டியில் இறங்கியவர்களில் உம்மம்மாவும் ஒருவர். உம்மா அப்ப சின்னப் பிள்ளை. நான் இங்கேதான் பிறந்தேன். 2009க்குப் பிறகு திரும்பிப் போகலாம் என்றாச்சு. காணி இருக்கு, வீடு இல்ல. வேலை இங்கே, பள்ளிக்கூடம் இங்கே, உரிமை அங்கே. எங்களைப் போல எத்தனையோ குடும்பம் இன்றைக்கும் இரண்டு ஊருக்கும் நடுவில்தான் இருக்கு. பாலாவிக்கு வந்து, புத்தளம், அநுராதபுரம் சுற்றி மன்னாருக்குப் போய்ச் சேர நாலு மணித்தியாலத்துக்கு மேல எடுக்கும். அங்கே போய் அத்திவாரம் போட, கிணறு இறைக்க, காணிக் காகிதத்துக்கு அலுவலகம் அலுவலகமா நடக்க ஒரு கிழமை, பத்து நாள் தங்க வேணும். அதுக்குத்தான் வேனுக்குள் கட்டில்.

பிரிட்ஜ் உம்மம்மாவுக்காக. அவவுக்கு இன்சுலின் ஊசி. காணிக்குப் போறதென்றால் அவவும் வந்தே தீருவா. திறந்து பாவிக்கிற இன்சுலின் போத்தல் சாதாரண அறை வெப்பத்தில் ஒரு மாசத்துக்குக் கிட்டத் தாங்கும். திறக்காததை 2 முதல் 8 பாகை குளிரில்தான் வைக்க வேணும். மன்னார் வெயிலில் பூட்டி வைத்த வேனின் உட்பக்கத்தை அறை வெப்பம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கெட்டுப்போன இன்சுலின் பார்வைக்கு எப்பவும் கெட்டதாகத் தெரியாது. ஊசியைப் போட்டும் சீனி இறங்காதபோதுதான் தெரியும்.

இந்த பிரிட்ஜ்தான் ராவில் நிற்கத் தொடங்கியது.

பகலில், வேன் ஓடும்போது, நல்லா வேலை செய்யும். காணியில் போய் நிறுத்தி எஞ்சினை ஓஃப் பண்ணினாலும் கொஞ்ச நேரம் ஓடும். நடுச்சாமம் தாண்டினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம், நின்றுவிடும். பேனும் களைத்துப்போன மாதிரிச் சுத்தும். காலையில் பார்த்தால் பெட்டி வெதுவெதுப்பா இருக்கும். உம்மம்மா ஒண்டும் சொல்ல மாட்டா. போத்தலை எடுத்து ஈரத் துணியில் சுத்தி மண் பானைக்குள் வைப்பா. மின்சாரம் இல்லாத காலத்துப் பழக்கம்.

கேட்ட இடமெல்லாம் ஒரே பதில்: “பெட்டரி போயிட்டு.” புதுப் பெட்டரி ஒண்டு வாங்கினோம். கிட்டத்தட்ட மாமாவின் ஒரு மாச உழைப்பு. ஐந்தாறு மாசம் சரியா இருந்தது, பிறகு அதே கதை. அடுத்த ஆள் சொன்னார், “டைனமோவ மாத்துங்க.” இன்னொருத்தர், “இந்தப் பழைய வேன வித்துட்டு வேற எடுங்க” என்றார். வேற எடுக்கிறது எப்படி? 2020இல் நிறுத்திய வாகன இறக்குமதியைத் தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். அந்த அஞ்சு வருஷத்தில் நாட்டில் இருந்த பழைய வாகனங்களின் விலை நல்லா ஏறிப்போச்சு. எங்கட மாதிரி ஆட்களுக்கு இருக்கிறதைத் திருத்திக்கொள்றதுதான் ஒரே வழி.

கண்டக்குழியில் ஒரு நானா இருக்கிறார். தலை முழுக்க நரைத்திருந்தும் ஊரே அவரை நானா என்றுதான் கூப்பிடும். டொல்பின் பார்க்க ஆட்களை ஏத்திப்போற பைபர் வள்ளங்களின் எஞ்சின், லைட், வயரிங் எல்லாம் அவர் கையில்தான். மாமா வேனை அங்கே கொண்டுபோனபோது நானும் கூடப் போனேன். உயர்தரத்தில் நான் தொழில்நுட்பப் பிரிவு. அந்த வகுப்புக்கு வாங்கிய மல்டிமீட்டர் ஒண்டு என்னட்ட இருந்தது.

நாங்க சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு நானா சிரித்தார். “பெட்டரியக் குத்தம் சொல்றது லேசு. அதுக்கு வாய் இல்லத்தானே.” பிறகு என்னைப் பார்த்து, “மீட்டர் வச்சிருக்கிறது நீதானே மகள், நீயே பாரு. நான் சொல்றேன்” என்றார்.

அன்றைக்கு அவர் சொல்லித் தந்த வரிசையை இங்கே எழுதுறேன். பழைய வேன், த்ரீவீல், வள்ளம், வீட்டு சோலர் எதுக்கும் இது பொருந்தும்.

முதல் வேலை, எதையும் கழட்டாமல் பெட்டரியை அளக்கிறது. முந்தின நாள் வெளியே எடுத்து சார்ஜரில் போட்டிருந்தோம். மீட்டரில் 12.6 வோல்ட். ஈயப் பெட்டரி ஒண்டு முழுசா சார்ஜ் ஆகி, கொஞ்ச நேரம் சும்மா இருந்தபின் 12.6, 12.7 காட்ட வேணும். 12.2 என்றால் கிட்டத்தட்ட பாதி. அப்ப பெட்டரி சார்ஜைப் பிடித்துத்தான் வைத்திருக்கு. எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தால் முன் பெட்டரியில் 14.1. பொதுவா 13.8க்கும் 14.4க்கும் இடையில் இருந்தால் டைனமோவிலும் பிழை இல்ல. இரண்டு நிமிஷத்தில் இரண்டு பெரிய செலவு இல்லாமல் போச்சு.

இரண்டாவது, பிரிட்ஜின் பிளக்கில் அளக்கிறது. பிரிட்ஜ் ஓஃப். 12.5 வோல்ட். மாமா உடனே, “வயரும் சரிதான் போல” என்றார். நானா தலையை ஆட்டினார். “வேல செய்யாதவன்ட பலம் எப்பிடித் தெரியும்? பிரிட்ஜப் போடு, பொறகு அள.”

பிரிட்ஜைப் போட்டோம். பெட்டரியில் 12.4. பிளக்கில் 10.7.

இந்த இடத்தைக் கொஞ்சம் மெதுவா வாசிங்க, முழு விஷயமும் இதுக்குள்ளதான் இருக்கு. ஒரு வயரில் நூறு இழை அறுந்து ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும், மின்னோட்டம் போகாதபோது மீட்டர் முழு வோல்ட்டைக் காட்டும். ஓம் விதிதான் காரணம். ஓட்டம் இல்லாவிட்டால் தடையில் இழப்பும் இல்ல. ஓட்டம் தொடங்கியவுடன்தான் கெட்ட இடம் தன்னைக் காட்டிக்கொடுக்கும். அதனால், வேலை செய்யும்போது அளக்காத அளவை நம்பக் கூடாது. இப்படியான பிரிட்ஜ்கள் பெட்டரியைக் காப்பாற்ற, வோல்ட் 10 சொச்சத்துக்கு இறங்கினால் தானா நின்றுவிடும். பெட்டரி ராவில் 12.0க்கு இறங்கும்போது பிளக்கில் 10.3 தான் இருக்கும். நடுச்சாமத்து ‘டிக்’ அதுதான்.

மூன்றாவது, காணாமல் போன 1.7 வோல்ட்டைத் தேடுறது. மீட்டரின் ஒரு முனையைப் பெட்டரியின் பிளஸ்ஸில் வைத்து, மற்றதை பிளக்கின் பிளஸ்ஸில் வைத்தேன், பிரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்க. 0.1. போற பாதை நல்லா இருக்கு. அடுத்து பெட்டரியின் மைனஸ்ஸில் இருந்து பிளக்கின் மைனஸ்ஸுக்கு. 1.6.

“எல்லாரும் போற வயரத்தான் பாப்பாங்க,” என்றார் நானா. “திரும்பி வாற வயர ஒருத்தனும் பாக்க மாட்டான்.”

வாகனத்தில் திரும்பி வாற பாதைக்குப் பெரும்பாலும் வயரே கிடையாது. வேனின் இரும்பு உடம்புதான் மைனஸ் வயர். அதைத்தான் எர்த் என்கிறோம். பெட்டரியில் இருந்து ஒரு கட்டை வயர் வந்து உடம்பில் ஒரு போல்ட்டில் முடியும். பிரிட்ஜ், பேன், லைட் எல்லாத்தின் மைனஸ்ஸும் வேற வேற இடத்தில் அதே உடம்பில் முடியும். அந்த போல்ட் கெட்டால், எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் கெட்ட மாதிரித் தெரியும். பின் லைட்டின் எர்த் கெட்டுப்போன வாகனங்களை நீங்க கட்டாயம் பார்த்திருப்பீங்க. பிரேக் மிதித்தால் சிக்னல் லைட்டும் மங்கலா எரியும். திரும்பிப் போக வழி இல்லாத மின்சாரம் பக்கத்து பல்புக்குள்ளால வழி தேடுது.

எங்கட பெட்டரியின் மைனஸ் வயர் முடிகிற போல்ட், பின் சில்லுக்கு மேல, ரப்பர் விரிப்புக்குக் கீழே இருந்தது. பெட்டரி முனையில் இருந்து உடம்புக்கு 1.5, உடம்பில் இருந்து பிரிட்ஜுக்கு 0.1. இடம் பிடிபட்டது. விரிப்பைத் தூக்கினோம். மீன் பெட்டி ஏத்திய காலத்து ஐஸ் தண்ணியும் உப்பும் வடிந்து நின்ற இடம். போல்ட்டைச் சுத்தி இரும்பு பொருக்குப் பொருக்கா உதிர்ந்தது. வயர் முனையில் பச்சைப் பூப்பு. வயரின் தோலைச் சீவினால் உள்ளே செம்பு மினுங்கவில்லை, கரி மாதிரிக் கறுத்திருந்தது.

இந்தக் கரையில் இருக்கிறவங்களுக்கு உப்பைப் பற்றிப் பாடம் எடுக்கத் தேவையில்ல. மேற்கே கடல், கிழக்கே களப்பு, நடுவில் ஒரு துண்டு மணல்தான் கற்பிட்டி. மே மாசத்தில் இருந்து வீசுற காற்றுக்காக வெளிநாட்டுக்காரன் பட்டத்தைக் கட்டிக்கொண்டு கடலில் ஓட வாறான். அதே காற்றுத்தான் உப்பை எங்கட கதவுப் பூட்டு, தகரம், வயர் எல்லாத்திலும் பூசிட்டுப் போகுது. உப்பு காற்றில் இருந்து ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். ஈரமான உப்பு மின்சாரத்தைக் கடத்தும். செம்பும் இரும்பும் ஒண்டையொண்டு தொடுற இடத்தில் அந்த ஈரம் நின்றால், அதுவே ஒரு சின்னப் பெட்டரி மாதிரி வேலை செய்து இரும்பைத் தின்னும். வள்ளத்து ஆட்கள் ஈயம் பூசிய செம்பு வயரைத் தேடி வாங்குறதும், மூட்டுக்கெல்லாம் கிரீஸ் அப்புறதும் சும்மா இல்ல.

பகலில் ஏன் எல்லாம் நல்லா ஓடியது என்றும் இப்ப விளங்கியது. எஞ்சின் ஓடும்போது பிரிட்ஜுக்கு மின்சாரம் டைனமோவில் இருந்து நேரா வருது, உடம்புவழியே டைனமோவுக்கே திரும்புது. அந்தக் கெட்ட போல்ட்டை அது தொடுறதே இல்ல. எஞ்சின் நின்றால்தான் பின் பெட்டரியின் முறை வரும். அதைவிட மோசம், பின் பெட்டரி சார்ஜ் ஆகிறதும் அதே போல்ட்டைத் தாண்டித்தான். நாலு மணித்தியாலம் ஓடினாலும் அது ஒழுங்கா நிரம்புறதில்ல. ஈயப் பெட்டரியை எப்பவும் அரை வயிற்றில் வைத்திருந்தால் அதன் ஆயுள் குறையும். அப்போ முதல் பெட்டரி உண்மையிலேயே செத்ததுதான். ஆனால் அதைக் கொன்றது போல்ட். புதுப் பெட்டரியையும் அது கொன்றுகொண்டுதான் இருந்தது.

இன்னொரு விஷயமும் அன்றைக்கு வெளியே வந்தது. அதுதான் என்னைப் பயப்படுத்தியது. பியூஸ் பெட்டியைத் திறந்தபோது, பின்பக்க லைனின் பியூஸில் சிகரட் பெட்டியின் வெள்ளித் தாள் சுத்தியிருந்தது. எப்பவோ, எந்த கராஜிலோ, யாரோ ஒருத்தர் செய்த ‘வேலை’. பியூஸ் காப்பாற்றுறது பிரிட்ஜையோ பேனையோ இல்ல, வயரை. வயர் தாங்கக்கூடிய அளவுக்கு மேல ஓட்டம் போனால், வயர் சூடாகிப் பத்த முன்னே பியூஸ் உருகி அறுந்துவிட வேணும். வெள்ளித் தாள் அறுக்காது. அந்த வயர் போறது பலகைக் கட்டிலுக்குக் கீழே. அந்தக் கட்டிலில் படுக்கிறது உம்மம்மாவும் என்ட தம்பியும். கெட்ட போல்ட்டிலேயே கணக்குப் பாருங்க: 1.5 வோல்ட், 4 அம்பியர், 6 வாட் சூடு. ஒரு எல்இடி பல்ப் எடுக்கிற அளவு மின்சாரம், ரப்பர் விரிப்புக்குக் கீழே, ராவெல்லாம் வெறும் சூடா.

நானா அந்தத் தாளை உருவி எடுத்து மாமாவின் கையில் வைத்தார். ஒண்டும் பேசல. மாமாவும் பேசல.

திருத்தினது இவ்வளவுதான். முதலில் பெட்டரியின் மைனஸ்ஸைக் கழட்டினோம். எப்பவும் மைனஸ்தான் முதலில் கழட்டுறது, கடைசியில் பூட்டுறது. பிளஸ்ஸைக் கழட்டும்போது சாவி தவறி உடம்பில் பட்டாலும் அப்ப நெருப்புப் பறக்காது. கறுத்த வயரைச் சுத்தம் பண்ணிப் பாவிக்கவில்லை, முழுசா வெட்டி எறிந்தோம். கறுப்பு உள்ளுக்குள் எவ்வளவு தூரம் போயிருக்கு என்று யாருக்கும் தெரியாது. நல்ல தடித்த வயர் ஒண்டுக்கு முனை அடித்து, துரு இல்லாத இடத்தில் பெயின்ட்டை மினுங்க மினுங்கச் சுரண்டி, புது போல்ட் போட்டு, மேலே கிரீஸ் அப்பினோம். பிரிட்ஜுக்கு மட்டும் உடம்பை நம்பாமல், பெட்டரியின் மைனஸ்ஸுக்கே நேரா ஒரு தனி வயர். பெட்டரிக்குப் பக்கத்திலேயே 15 அம்பியர் பியூஸ், அதுக்குத் தாங்கக்கூடிய வயர். பிறகு பிரிட்ஜைப் போட்டு அளந்தேன். பெட்டரியில் 12.4, பிளக்கில் 12.2.

செலவு, பெட்டரி விலையில் பத்தில் ஒரு பங்குகூட வராது. நானா காசு வாங்கல. மாமா ஒரு பெட்டி நண்டு கொண்டுபோய்க் குடுத்தார்.

ஆலங்குடாவில் எங்கட வீட்டில் இருந்து பார்த்தால் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைக்கூண்டு தெரியும். மூன்று யூனிட், 900 மெகாவாட், நாட்டிலேயே பெரிய அனல்மின் நிலையம். அதுக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தும், 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை கரண்ட் போன காலத்தில் நாங்களும் இருட்டில்தான் இருந்தோம். வேனுக்கு இரண்டாவது பெட்டரி வந்ததே அப்பதான். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறைத் துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதாகச் சொல்லி நாடு முழுக்கக் கரண்ட் போச்சே, ஞாபகம் இருக்கா? அந்த அதிர்ச்சியில் நுரைச்சோலை யூனிட்களும் நின்று, பிறகும் சில நாள் மின்வெட்டு. எல்லாரும் குரங்கு மீம் போட்டுச் சிரித்தோம். ஒரு இடத்தில் பட்ட குரங்குக்கு முழு நாடும் விழுந்தால், பிழை குரங்கில் மட்டும் இருக்குமா? எங்கட வேனிலும் எல்லாரும் கண்ணுக்குத் தெரிந்த பெட்டரியைத்தான் காட்டினாங்க. விரிப்புக்குக் கீழே யாரும் பார்க்கல.

இதை வாசிக்கிற உங்களில் பலருக்கு வேன் இருக்காது. வீட்டில் யாருக்காவது ஒரு த்ரீவீலோ, மோட்டார்சைக்கிளோ, கூரையில் ஒரு சோலர் பெனலோ இருக்கும். ஒரு சாதாரண மீட்டர் வாங்குறதுக்குப் பெரிய காசு போகாது. “பெட்டரி போயிட்டு” என்று யாராவது சொன்னால் கோபப்படாமல், “லோட் போட்டு அளந்தீங்களா?” என்று மட்டும் கேளுங்க. மைனஸ் பக்கத்தையும் அளக்கச் சொல்லுங்க. பியூஸ் பெட்டியை ஒருக்காத் திறந்து, வெள்ளித் தாளோ கம்பியோ சுத்தியிருக்கா என்று பாருங்க. இருந்தால், அன்றைக்கே எடுத்துவிடுங்க. வீட்டு 230 வோல்ட் வயரில் மட்டும் கை வைக்க வேணாம். அது வேற விளையாட்டு, உயிர் போகும்.

பொம்புளப் புள்ளைக்கு இதெல்லாம் என்னத்துக்கு என்று சொந்தத்தில் ஒரு சாச்சி கேட்டா. நான் பதில் சொல்ல முன்னே உம்மம்மா சொன்னா, “எனக்கு ஊசி போடத்தான்.”

எருக்கலம்பிட்டியில் சுவர் இப்ப ஜன்னல் உயரத்துக்கு வந்திருக்கு. வயரிங் வேலைக்கு இன்னும் காலம் இருக்கு. எந்த அறையில் எத்தனை பிளக், கடற்காத்துப் படாத பக்கம் எது, எர்த் கம்பி எங்கே இறக்கலாம் என்று நானும் மாமாவும் ஒரு கொப்பியில் கீறத் தொடங்கியிருக்கிறோம். முதல் பக்கத்தில் சமையலறை. அதில் பிரிட்ஜுக்கு ஒரு பெட்டி கீறி, உம்மம்மாவின் பேரை எழுதியிருக்கிறோம்.